மணல் தட்டில் எறும்பு: சர்க்கரை நோய் வந்த ஒரு வீட்டுப் பூனையின் எட்டு மாதம்

பின்னணி

பூனைக்குப் பத்து வயது. விதை நீக்கிய ஆண். செம்பழுப்பு நிறம் என்பதால் வீட்டில் ‘செவலை’ என்று கூப்பிடுகிறார்கள். வீடு மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் இரண்டே பேர். அம்மாவுக்கு 67 வயது. பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய், அதில் கடைசி ஆறு வருடம் இன்சுலின். ஐயா கூட்டுறவுச் சங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் குடும்பத்தோடு சென்னையில் இருக்கிறார். அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊர்ப்பெயரை மட்டும் விட்டிருக்கிறேன்.

நான் அந்தப் பக்கத்தில் வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவன். என்னிடம் வருவது பெரும்பாலும் மாடும் ஆடும். சர்க்கரை வந்த பூனைகளை முன்பும் பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டிலேயே ஊசி போட்டு, வீட்டிலேயே இரத்தம் அளந்து, கடைசி வரை கூடவே இருந்து பார்த்தது இந்தப் பூனையைத்தான்.

செவலையின் பழைய சீட்டைப் புரட்டியபோது என் கையெழுத்தே இருந்தது. ஈறு வீங்கிச் சாப்பிட முடியாமல் இருந்த பூனைக்கு அந்த ஆனியில் ஒன்று, ஆவணியில் ஒன்று என நீண்ட நாள் வேலை செய்யும் மெதில்பிரட்னிசலோன் ஊசி இரண்டு போட்டிருந்தேன். இந்த ஸ்டீராய்டு பூனையின் உடம்பில் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். வயதான, பருமனான, விதை நீக்கிய ஆண் பூனைக்கு அதுவே சர்க்கரை நோயின் வாசலைத் திறந்துவிடலாம். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. மாத்திரை கொடுக்க முடியாத பூனை, மன்னார்குடிக்குக் கொண்டுவரவே அரை நாள் ஆகிறது என்பதால் ஊசியைத் தேர்ந்தெடுத்தேன். அப்போது எடை 6.4 கிலோ. இரத்தச் சர்க்கரை பார்க்காமலே போட்டேன்.

சாப்பாடு டெல்டா வீட்டுப் பூனையின் சாப்பாடுதான். காலையில் பால் சோறு, மதியம் குழம்பு மீனின் தலையும் வாலும் பிசைந்த சோறு, ராத்திரி தயிர் சோறு. கூடவே மகன் வாங்கி வந்து வைக்கும் உலர் தீனி ஒரு கிண்ணம், எப்போது வேண்டுமானாலும் தின்ன.

வீட்டில் பார்த்தது

கிராமத்துப் பூனை எங்கே ஒன்றுக்குப் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஐப்பசி அடைமழையில் கொல்லை முழுக்கத் தண்ணீர் நின்றதால், அம்மா பின்திண்ணையில் ஒரு பழைய தகரத் தட்டில் ஆற்று மணல் கொட்டி வைத்தார். மூன்றாம் நாள் காலையில் தட்டைப் பார்த்தால், மணல் ஈரமாக இருந்த இடத்தில் மட்டும் வட்டமாகக் கட்டெறும்பு. தள்ளிவிட்டுப் புது மணல் போட்டார். மறுநாளும் அதே மாதிரி.

“எங்க அப்பாவுக்கு இப்படித்தான் தம்பி கண்டுபிடிச்சாங்க. முத்தத்து ஓரத்துல எறும்பு மொய்க்கும்” என்று போனில் சொன்னார். அப்புறம்தான் மற்றதெல்லாம் கோவையாக ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு மாதமாகவே பூனை துளசி மாடத்துச் செம்பில் வாய் வைத்துக் குடிக்கிறது. எவ்வளவு வைத்தாலும் தின்கிறது, ஆனால் முதுகெலும்பு தெரிகிறது. திண்ணையில் தாவி ஏறுகிற பூனை இப்போது படிப்படியாக ஏறுகிறது. பின்னங்கால் நுனியில் நிற்காமல் கணுக்கால் வரை தரையில் படிய, முயல் மாதிரி நடக்கிறது.

என்னிடம் கொண்டுவருவதற்கு முன் ஐந்து நாள் அவரே வைத்தியம் பார்த்திருந்தார். தனக்கு டாக்டர் சொன்னதைப் பூனைக்கும் செய்தார். சோற்றை நிறுத்திக் கேழ்வரகுக் கூழில் பால் கலந்து வைத்தார். அளவைப் பாதியாக்கினார். வெந்தயம் ஊறிய தண்ணீரை ஒரு வேளை வாயில் ஊற்றிப் பார்த்தார். அன்பால் செய்ததுதான். ஆனால் பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. அரிசியை விட்டுக் கேழ்வரகுக்குப் போனாலும் அதன் உடம்புக்கு மாவு மாவுதான். பட்டினி இன்னும் மோசம். பருமனான பூனை இரண்டு மூன்று நாள் சரியாகத் தின்னாவிட்டாலே கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

பரிசோதனை

எடை 4.9 கிலோ. ரோமம் எண்ணெய்ப் பிசுக்கோடு சிக்கலாக இருந்தது. வாயில் ஈறு மறுபடியும் சிவந்திருந்தது. இரத்தச் சர்க்கரை 412.

இந்த ஒரு எண்ணை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது. பூனை பயந்தாலே சர்க்கரை ஏறும். கூடையில் போட்டு, பஸ்ஸில் இடித்துப் பிடித்துக் கொண்டுவந்த ஆரோக்கியமான பூனைக்கே 300-ஐத் தாண்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு வார சராசரியைச் சொல்லும் ஃப்ரக்டோசமைன் சோதனை இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்துப் பரிசோதனை நிலையங்களில் அதை உடனே செய்ய வழியில்லை. அதனால் எளிய வழி ஒன்றை எடுத்தோம். மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கு விற்கும் சிறுநீர்ப் பட்டையை மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பயம் இல்லாத இடத்தில் எடுத்த சிறுநீரிலும் ஆறு முறையும் சர்க்கரை அதிகமாகவே காட்டியது. இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும், கூடினால் உயிருக்கே ஆபத்தான கீட்டோன் ஒரு முறைகூட இல்லை. சிறுநீரகம், ஈரல் சோதனைகளும் கவலைப்படும்படி இல்லை. அத்தோடு சந்தேகம் தீர்ந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, இனி ஸ்டீராய்டு கிடையாது. ஈறுக்கு வேறு வழி தேடுவது.

இரண்டாவது, இன்சுலின். அம்மா கேட்டது நியாயமான கேள்வி: “எனக்குப் போடுறது ஃபிரிட்ஜிலேயே இருக்கே, அதையே கொஞ்சமாப் போட்டா ஆகாதா?” அவருடையது பால் போல் கலங்கிய கலப்பு இன்சுலின். பூனை உடம்பில் அது வேகமாக இறக்கிவிட்டுச் சீக்கிரம் தீர்ந்துபோகும். பன்னிரண்டு மணி நேரம் நிற்காது. கிளார்ஜின் என்ற இன்னொரு வகை இன்சுலின் மெதுவாக, சீராக வேலை செய்யும். பூனைக்கு அதுதான் பொருத்தம். அவருடைய மெட்ஃபார்மின் மாத்திரையும் பூனைக்குப் பெரிதாகப் பயன்படாது. மகன் சென்னையிலிருந்து இன்னொன்று கேட்டார். அமெரிக்காவில் 2022 கடைசியில் பூனைக்கென்றே பெக்ஸாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்களே, அதே வகையான டாபாகிளிஃப்ளோசின் அப்பாவின் நண்பர் வீட்டிலேயே இருக்கிறதே என்றார். வேண்டாம் என்றேன். அந்த வகை மாத்திரையில் இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் ஏறிப் பூனை படுத்துவிடக்கூடும். இரத்தத்தில் கீட்டோனை அவசரத்துக்கு அளக்கக்கூட வசதியில்லாத இடத்தில், மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுத்து அந்த ஆபத்தை இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கிளார்ஜின் 1 யூனிட், பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை. ஐந்து கிலோ பூனைக்கு இது குறைந்த பக்கத்து அளவு. வேண்டுமென்றே குறைவாக ஆரம்பித்தேன். சர்க்கரை கூடியிருந்தால் பூனை சில நாள் தாங்கும். குறைந்துவிட்டால் சில மணி நேரம்தான் இருக்கிறது.

மூன்றாவது, வீட்டிலேயே அளப்பது. அம்மாவின் குளுக்கோமீட்டரையே எடுத்துக்கொண்டோம். மனிதருக்கான மீட்டர் பூனை இரத்தத்தில் பொதுவாக உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எப்போதும் ஒரே மீட்டரில் பார்த்தால் ஏற்ற இறக்கம் தெரியும், அது போதும். விதி இரண்டுதான் எழுதிக் கொடுத்தேன். ஊசிக்கு முன் அளந்து 200-க்குக் கீழே இருந்தால் போடாமல் எனக்குப் போன் செய்வது. பூனை தின்னாவிட்டாலும் போடாமல் போன் செய்வது.

காது ஓரத்தில் ஓடும் மெல்லிய நரம்பில் குத்த வேண்டும். முதல் இரண்டு நாள் சொட்டே வரவில்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் அரை நிமிடம் வைத்து, விளிம்பில் துளி வாசலின் தடவிக் குத்தினால் இரத்தம் ரோமத்தில் பரவாமல் முத்தாகத் திரளும். காதுக்குப் பின்னால் பஞ்சு ஒன்றைக் கொடுத்தால் விரலில் குத்திக்கொள்ளாமல் தப்பிக்கலாம். ஐயா மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, அம்மா குத்துவார். குத்தியதும் ஒரு துண்டுக் கோழி. நான்காம் நாளிலிருந்து மீட்டர் டப்பா திறக்கும் சத்தம் கேட்டாலே செவலை தானாக மடிக்கு வந்து உட்கார்ந்தது.

சாப்பாடு

இதுதான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. பூனையின் உணவில் மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் கலோரி 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. உலர் தீனி அதைவிட எவ்வளவோ கூடுதல். டின்னில் வரும் ஈர உணவு எங்கள் ஊர்க் கடையில் எப்போதாவதுதான் கிடைக்கும். ஆக வீட்டுச் சமையல்தான். கோழித் தொடைக்கறி, கோழி இதயம், அவித்த முட்டை, முள் எடுத்த மீன். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்த தண்ணீரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், ஏனென்றால் பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து அதில்தான் இறங்கியிருக்கும். வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து போதாது. அதற்கு முட்டை ஓட்டுப் பொடியும், சென்னையிலிருந்து வரவழைத்த டாரினும் அளவு போட்டு எழுதிக் கொடுத்தேன்.

ஆனால் கார்த்திகை பிறந்ததும் ஐயா மாலை போட்டார். நாற்பத்தொரு நாள் வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறக் கூடாது. அமாவாசை, கிருத்திகை என்றால் ஒரு நாள் சமாளிக்கலாம், இது மண்டலம் முழுக்க. “ஐயப்பன் பூனையைப் பட்டினி போடச் சொல்லல” என்று ஐயாதான் வழி சொன்னார். இரண்டு வீடு தள்ளி இருக்கும் நாத்தனார் வீட்டில் தனிச் சட்டியில் மூன்று நாளுக்கு ஒரு முறை வேகவைத்து, வேளைக்கு ஒரு சிறு டப்பாவாகப் பிரித்து அவர்கள் ஃபிரிட்ஜிலேயே வைத்தார்கள். ஐயாவே போய் வாங்கி வருவார். டப்பாவைத் தொட்டபின் ஒரு முறை கால் கை கழுவிக்கொண்டு பூஜைக்குப் போவார். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் மற்ற எதுவும் நின்றிருக்காது.

முதல் பத்து நாள்

ஐப்பசி 28 காலையில் முதல் ஊசி. பூனை தின்றுகொண்டிருக்கும்போதே விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அதன் அடியில். அம்மாவின் கை என் கையைவிட நிதானமாக இருந்தது. ஆறு வருடம் தன் வயிற்றில் தானே போட்டுக்கொண்ட கை.

அவருடைய அனுபவம் வேறு விதத்திலும் கைகொடுத்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது, தன் இன்சுலினை ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானை வைத்து அதில் காப்பாற்றியிருக்கிறார். அதே பானை மறுபடியும் இறங்கியது. பிரித்த கிளார்ஜின் 30 டிகிரிக்குள் 28 நாள் இருக்கலாம் என்பதால் அந்த மழைக்குளிரில் அது போதுமானதாக இருந்தது. ஒன்று மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய மருந்தை உள்ளங்கையில் உருட்டிக் கலக்க வேண்டும். கிளார்ஜின் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், உருட்ட வேண்டியதில்லை, கலங்கினால் தூக்கிப் போட வேண்டும்.

முதல் நாள் காலை 388. ஐந்தாம் நாள் 327. பத்தாம் நாள் 262. மணல் தட்டில் எறும்பு குறைந்தது. நான் நிம்மதியாக இருந்தேன். அந்த நேரத்தில் நான் போய் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும்.

கார்த்திகை 10, விடியற்காலை

மாலை போட்டதால் ஐயா நாலு மணிக்குக் குளிக்க எழுவார். அன்று கொல்லைக் கதவைத் திறக்கப் போனவர் காலில் ஏதோ தட்டுப்பட்டது. செவலை அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டாகக் கிடந்தது. தூக்கி நிறுத்தினால் பின்னங்கால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விழுந்தது. தலை மட்டும் இடமும் வலமும் ஆடியது. கண் அகல விரிந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

ஐயா சர்க்கரை ஏறிவிட்டது, உடனே ஊசி போடு என்றிருக்கிறார். அம்மா பூனையின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றார். “எனக்கு லோ ஆகும்போது இப்படித்தான் உள்ள நடுங்கும் தம்பி. அந்த நடுக்கம் கையில தெரிஞ்சுது” என்று பிறகு சொன்னார். அவர் ஊசி போடாமல் நின்ற அந்த ஒரு நிமிடத்தில்தான் பூனை பிழைத்தது. மீட்டர் 36 காட்டியது.

தன் தலைமாட்டில் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் பொடியைச் சில சொட்டுத் தண்ணீரில் பசை மாதிரி குழைத்து ஈறில் விரலால் தேய்த்தார். வாயில் ஊற்றவில்லை. விழுங்கத் தெரியாத நிலையில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போகும், அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் போன் வந்தது 4.20-க்கு. கால் மணி நேரம் கழித்து 58. தலை நின்றது, மெதுவாகக் கத்தியது. கையில் வைத்திருந்த கோழியைக் கொஞ்சம் தின்றது. 4.50-க்கு 71.

இத்தோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், அரை மணிக்கு ஒரு முறை குத்துங்கள் என்றேன். கிளார்ஜின் உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். சொன்னபடியே 5.30-க்கு மறுபடி 49. மறுபடி குளுக்கோஸ், கூடவே தயிர் சோறு பிசைந்து கொடுக்கச் சொன்னேன். பதினைந்து நாளாக வீட்டில் யாரும் தரக் கூடாது என்று நான் தடுத்திருந்த அதே தயிர் சோறு. அந்த நேரத்தில் தேவைப்பட்டது மாவுச்சத்துதான்.

ரோட்டில் தண்ணீர் போய்க்கொண்டிருந்ததால் நான் சேர 6.20 ஆயிற்று. 83. நரம்பில் ஊசி ஏற்றி டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் கரைசலைத் தயாராக வைத்துக்கொண்டேன், தேவைப்படவில்லை. ஒன்பது மணிக்கு 112, மதியம் 176, சாயங்காலம் 260.

எப்படி நடந்தது

அம்மா தெளிவாகச் சொன்னார்: “ஒரு கோடுதான் தம்பி இழுத்தேன். நீங்க சொன்ன அதே ஒண்ணு.”

குப்பைக் கூடையைப் பார்த்தேன். சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச் நான்கு கிடந்தது.

நான் கொடுத்தது ஆரஞ்சு மூடி சிரிஞ்ச், இருபது. ஒரு நாளைக்கு இரண்டு வீதம் பத்து நாளில் தீர்ந்தது. மகன் சென்னையிலிருந்து அனுப்பிய பொட்டலம் மழையில் வரத் தாமதமானது. பதினொன்றாம் நாள் காலையில் அம்மா தன் அலமாரி டிராயரைத் திறந்து தன் சிரிஞ்சை எடுத்தார். அவரைப் பொறுத்தவரை இன்சுலின் சிரிஞ்ச் இன்சுலின் சிரிஞ்ச்தான்.

இந்தியாவில் குப்பியில் விற்கும் மனித இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு என்பது ஒரு மில்லியில் நாற்பதில் ஒரு பங்கு. அந்தப் பங்கில் கிளார்ஜினை நிரப்பினால் உள்ளே இருப்பது 1 யூனிட் இல்லை, 2.5 யூனிட். நான்கு வேளையில் பத்து யூனிட் போயிருக்கிறது. அதுவும் சோறு நின்று, இன்சுலின் தேவையே குறைந்துவந்த உடம்புக்கு.

இன்னொரு கண்ணியும் விட்டுப்போயிருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் 206. விதிப்படி 200-க்கு மேல்தான், போட்டார்கள். சாயங்காலம் கரண்ட் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் காது நரம்பு தெரியாததால் அளக்காமலே போட்டார்கள்.

அம்மா அழுதார். “நானே கொன்னுருப்பேனே” என்றார். அவர் மேல் குற்றமில்லை. ‘ஒரு யூனிட்’ என்று சொல்லிவிட்டு வந்தது நான். இன்சுலின் போடும் ஆள் இருக்கும் வீடு என்று தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். அதே காரணத்துக்காக அந்த வீட்டில் இன்னொரு அளவு சிரிஞ்ச் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்த டிராயரை ஒரு முறை நான் திறந்து பார்த்திருந்தால் போதும்.

அதன் பிறகு

அன்று மாலையும் மறுநாள் காலையும் ஊசி இல்லை. மறுநாள் மாலை 340 வந்த பிறகு 0.5 யூனிட்டில் மறுபடி ஆரம்பித்தோம். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சை மகன் நூறாக வாங்கிக்கொண்டு நேரிலேயே வந்தார்.

பூனையின் பொருட்கள் எல்லாம் ஒரு மஞ்சள் டப்பாவுக்குப் போயின. மருந்து ஃபிரிட்ஜின் மேல்தட்டில், அம்மாவுடையது கதவில். டப்பா மேல் ஐயா பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்: ‘ஆரஞ்சு மூடி செவலைக்கு. சிவப்பு மூடி அம்மாவுக்கு.’ மாறினால் அம்மாவுக்கும் ஆபத்து. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அவர் தன் மருந்தைக் கோடு பார்த்து இழுத்தால், போக வேண்டியதில் பாதிகூடப் போகாது. அளக்க முடியாத வேளையில் ஊசி கிடையாது என்பது மூன்றாவது விதியாகச் சேர்ந்தது. ஒரு வேளை விட்டால் எதுவும் ஆகிவிடாது.

ஒரு வாரத்தில் மறுபடி 1 யூனிட். மாதம் ஒரு நாள், காலை ஊசியிலிருந்து மாலை ஊசி வரை இரண்டு மணிக்கு ஒரு முறை அளந்து நோட்டில் எழுதினார்கள். மார்கழிக் கடைசியில் ஊசிக்கு முன் 210 முதல் 240, மிகக் குறைந்த இடம் 98. எடையை நாத்தனார் வீட்டு மின் தராசில் கூடையோடு வாரா வாரம் பார்த்தார்கள். 4.9-இலிருந்து 5.1 ஆகியிருந்தது.

பொங்கல் முடிந்து தையில், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கடைவாய்ப் பற்களையும் முன்கடைவாய்ப் பற்களையும் எடுத்தார்கள். அன்று காலை பாதி அளவு இன்சுலின் மட்டும். ஈறு வீக்கம் இருக்கும்வரை அதுவும் இன்சுலினைத் தடுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டு இல்லாமல் அந்த ஈறைச் சரிசெய்ய வேறு நல்ல வழி இல்லை. நான்காம் நாள் மசித்த கோழியைத் தானே தின்றது.

அதற்குப் பிறகு எண்கள் வேகமாக இறங்கின. இரண்டு வாரத்தில் ஊசிக்கு முன்பே 150, 140. 0.5 யூனிட்டுக்கு இறக்கினோம். மாசி நடுவில் நான்கு வேளை தொடர்ந்து 120-க்குக் கீழே வந்ததும் ஊசியை நிறுத்தினோம். இன்சுலின் இல்லாமல் நான்கு வாரம் சர்க்கரை சரியாக இருந்தால்தான் நோய் அடங்கியது என்று சொல்லலாம். பங்குனி நடுவில் அந்த நான்கு வாரம் முடிந்தது.

பூனைகளில் இப்படி அடங்குவது உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்து, ஆரம்பத்திலேயே கட்டுக்குள் கொண்டுவந்தால் வாய்ப்பு கூடும். ஸ்டீராய்டால் வந்த சர்க்கரையில் இன்னும் கூடும். இந்தப் பூனையில் ஸ்டீராய்டை நிறுத்தியதற்குத்தான் பெரிய பங்கு, அடுத்தது சாப்பாடு, பல் மூன்றாவது என்பது என் கணிப்பு. நோய் அடங்கியதே தவிரப் போய்விடவில்லை என்று அவர்களிடம் எழுதியே கொடுத்தேன்.

சித்திரையில் அது தெரிந்தது. லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் பத்து நாள் பாலும் பிஸ்கட்டும் ஊட்டினார்கள். 218, அடுத்த நாள் 231. சிறுநீர்ப் பட்டையிலும் கொஞ்சம் நிறம். பிள்ளைகளைத் திட்டவில்லை. மூத்தவளிடமே நோட்டைக் கொடுத்து, தினம் எண்ணை எழுதச் சொன்னார் அம்மா. அவள் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் 115-க்கு வந்தது, ஊசி தேவைப்படவில்லை.

ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் பாமணியாற்றுக்கு வந்த வாரம் கடைசியாகப் போய்ப் பார்த்தேன். எடை 5.4 கிலோ, சர்க்கரை 104. கணுக்கால் தரையைத் தொடவில்லை. நான் இருக்கும்போதே திண்ணையிலிருந்து மதிலுக்கு ஒரே தாவலில் ஏறியது.

இனி நான் மாற்றிச் செய்வது

நீண்ட நாள் ஸ்டீராய்டு ஊசியை வயதான, பருமனான பூனைக்குப் போடுவதில்லை. ஈறுநோய் என்றால் முதலிலேயே பல்லைப் பார்க்க அனுப்புகிறேன். ஸ்டீராய்டைத் தவிர்க்கவே முடியாது என்றால் சர்க்கரையை அளந்த பிறகுதான், அதுவும் அளவைக் குறைத்து நிறுத்தக்கூடிய மாத்திரையாக.

இன்சுலின் எழுதும் வீட்டுக்கு முதல் வாரத்திலேயே போகிறேன். வீட்டில் வேறு யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா, அவர்கள் சிரிஞ்ச் எங்கே என்று கேட்டு, டிராயரைத் திறந்து பார்க்கிறேன். வாயால் யூனிட் சொல்வதோடு நிறுத்தாமல், அவர்கள் கையாலேயே அவர்கள் சிரிஞ்சில் தண்ணீரை இழுத்துக் காட்டச் சொல்கிறேன். ஒரு மாதத்துக்குப் போதுமான சிரிஞ்ச் கையில் இல்லாமல் முதல் ஊசியை ஆரம்பிப்பதில்லை, மழைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு.

சோற்றிலிருந்து கறிக்கு மாற்றுவதையும் இன்சுலினையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்ததும் அவசரம்தான். இப்போது சாப்பாட்டை முதலில் மாற்றி, எண் எங்கே நிற்கிறது என்று சில நாள் பார்த்துவிட்டு ஊசியைத் தொடுகிறேன். பூனை சோர்ந்திருந்தாலோ கீட்டோன் இருந்தாலோ மட்டும் காத்திருப்பதில்லை.

குளுக்கோஸ் பொடி ஒரு பொட்டலத்தை மருந்தோடு சேர்த்தே கொடுக்கிறேன். அதன் மேல் ஒட்டும் சீட்டில் இருப்பது அம்மா அன்று செய்ததிலிருந்து எடுத்ததுதான்: தள்ளாடினால் ஊசி போடாதே, முதலில் ஈறில் தேய், பிறகு அள, பிறகு போன் செய்.